41 வயதில் ‘இதயத்தில் ஓட்டை’ என்கிறார்கள். இத்தனை காலம் தெரியாதது எப்படி?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கம். என் அக்காவுக்காக எழுதுகிறேன். வயது 41. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். கல்யாணத்துக்கு முன்பு பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தார். இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார்.

கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் கடுமையான உதிரப்போக்கு. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று முடிவாகி, மயக்க மருந்து கொடுப்பதற்கு ஃபிட்னஸ் வாங்கி வரச் சொன்னார்கள். இ.சி.ஜி.யைப் பார்த்த மருத்துவர் உடனே எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) அனுப்பினார். எக்கோ முடிந்ததும், பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை அப்படியே நிற்கிறது.

ரிப்போர்ட்டில் உள்ளது: ஏ.எஸ்.டி. (மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை), ஆஸ்டியம் செகண்டம் வகை (சுவரின் நடுப்பகுதியில்), 24 மில்லிமீட்டர், ரத்த ஓட்டம் இடமிருந்து வலம், வலது மேலறையும் கீழறையும் பெரிதாகியிருக்கின்றன, நுரையீரல் தமனி அழுத்தம் 48.

மூச்சு வாங்குவது அவருக்குப் பல வருடங்களாக உண்டு. மில்லில் பஞ்சு தூசியில் நின்றவர்கள் எல்லோருக்கும் வருவதுதான் என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். ‘பிறவியிலேயே ஓட்டை என்றால் இரண்டு பிரசவத்தை எப்படித் தாங்கினாள்’ என்று அம்மா கேட்கிறார். மாமாவின் பெரியம்மா ஒருவர் ‘தெரிந்தே மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்’ என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமா அப்படி எதுவும் கேட்கவில்லை, ஆனால் பயந்துபோயிருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எக்கோ அறை (கோவை)

தம்பி, எக்கோ எடுப்பதுதான் என் வேலை. வயது வந்தவர்களிடம் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்படும் பிறவிக் கோளாறுகளில் உங்கள் அக்காவுக்கு இருப்பது அடிக்கடி காணப்படுவது. பெண்களுக்கு இது ஆண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. ‘கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஃபிட்னஸ்’ என்ற சீட்டோடு வந்து, இந்த ஓட்டையோடு திரும்பிப் போன பெண்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே இருக்கிற சுவரில் ஓட்டை. அந்த இரண்டு அறைகளுக்கும் அழுத்த வேறுபாடு மிகக் குறைவு. அதனால் ரத்தம் பீய்ச்சி அடிக்காமல் அமைதியாகக் கசிகிறது, ஓட்டையிலிருந்து சத்தமே வராது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் மெல்லிய இரைச்சல்கூட நுரையீரல் வால்வு வழியாகக் கூடுதல் ரத்தம் போவதால் வருவது. இரைச்சலான புறநோயாளிகள் பிரிவில் நின்றுகொண்டு அதைப் பிடிப்பதற்குப் பயிற்சி பெற்ற காது வேண்டும்.

இப்போது ஏன் தொந்தரவு? வரப்பில் உடைப்பு இருந்தால் எந்த வயல் எளிதாக வாங்குகிறதோ அந்தப் பக்கம்தான் தண்ணீர் போகும். வயது ஏற ஏற, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேரச் சேர, இடது கீழறை இறுகுகிறது. அது வாங்க மறுக்கும் ரத்தம் ஓட்டை வழியாக வலது பக்கம் திரும்புகிறது. இருபது வயதில் இருந்ததைவிட நாற்பதில் கசிவு கூடியிருக்கும். வலது பக்கம் வருடக்கணக்காகக் கூடுதல் சுமையைச் சுமந்து விரிகிறது. நுரையீரல் அழுத்தம் ஏறாதவரை இந்த வகை ஓட்டையோடு பிரசவம் தாங்குவது வழக்கமான ஒன்று, அதில் அதிசயம் இல்லை.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். தொண்டை வழியாக எடுக்கும் டி.இ.இ. எக்கோ செய்தார்களா? மேலுடலிலிருந்து வரும் பெரிய சிரை நுழையும் இடத்துக்கு அருகே சைனஸ் வினோசஸ் என்றொரு வகை ஓட்டை உண்டு. நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் அது நழுவிவிடும். அதோடு நுரையீரல் சிரை ஒன்று தவறான இடத்தில் சேர்ந்திருப்பதும் வழக்கம். அந்த வகைக்குக் குழாய் வழியாகக் கொண்டுபோய் ஓட்டையை அடைக்கும் டிவைஸ் கிடையாது, அறுவைச் சிகிச்சைதான். இரண்டாவது, டிவைஸ் பிடித்துக்கொள்வதற்கு ஓட்டையைச் சுற்றி விளிம்பு எவ்வளவு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களா?

தறிக்காரர் (சோமனூர்)

எல்லோரும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேட்கிறேன். 41 வருடம் அந்த ஓட்டையோடு மில்லில் வேலை பார்த்து, இரண்டு பிள்ளை பெற்று, இன்றும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். இப்போது மட்டும் அதை ஏன் தொட வேண்டும்? எங்கள் பெரியப்பாவுக்கு எழுபதுக்கு மேல்தான் இதயத்தில் ஓட்டை என்று சொன்னார்கள். போங்கடா என்று எழுந்து வந்துவிட்டார். இன்னும் தோட்டத்தில் மாட்டுக்குத் தீவனம் வெட்டுகிறார். சும்மா இருப்பதைக் கிளறிவிட்டால் லாபம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

பொது மருத்துவம் (கோபி)

தறிக்காரர் கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. கேலி செய்யாமல் பதில் சொல்ல வேண்டியது.

உங்கள் பெரியப்பாவுக்கு எந்த ஓட்டை, எவ்வளவு பெரியது? ‘ஓட்டை’ என்ற ஒரே சொல்லில் ஐந்து மில்லிமீட்டரும் அடங்கிவிடுகிறது, முப்பதும் அடங்கிவிடுகிறது. வலது அறைகளை விரிவாக்காத சிறிய ஓட்டையை நாங்களும் தொடுவதில்லை, சில வருடங்களுக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்ப்பதோடு சரி. ஆகவே பெரியப்பா தீவனம் வெட்டுவதற்கும் இந்த அம்மையாரின் நிலைமைக்கும் முடிச்சுப் போட முடியாது.

இவருக்கு வலது பக்கம் விரிந்திருக்கிறது, அழுத்தம் ஏறத் தொடங்கியிருக்கிறது. இப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1956 முதல் 1960 வரை இந்த ஓட்டையை அறுவை செய்து மூடிக்கொண்ட 123 பேரை ஏறக்குறைய முப்பது வருடம் தொடர்ந்து பார்த்து, 1990இல் வெளியிட்டார்கள். 24 வயதுக்குள் மூடிக்கொண்டவர்கள் மற்ற மக்களைப் போலவே வாழ்ந்தார்கள். 41 வயதைத் தாண்டி மூடிக்கொண்டவர்களில் 27 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 40 சதவீதம். அதே வயதுடைய பொதுமக்களில் 59 சதவீதம். தாமதத்துக்கு விலை உண்டு என்பது இதில் தெரிகிறது.

‘அப்படியானால் நாற்பதுக்கு மேல் மூடிப் பயன் என்ன’ என்று அடுத்து கேட்பீர்கள். மெக்சிகோவில் நாற்பதைத் தாண்டிய 521 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அறுவை, மற்றதற்கு மருந்து என்று ஒப்பிட்டார்கள். 2001இல் முடிவு வந்தது. இதயச் செயலிழப்பு, நுரையீரல் தொற்று, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது மூடிக்கொண்டவர்கள் நிலைமைதான் மேல். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மேலறைத் துடிப்பு தாறுமாறாகும் கோளாறு, நாற்பதுக்கு மேல் மூடினாலும் பின்னால் வரலாம். மூடிவிட்டோம், கதை முடிந்தது என்று இருக்கக் கூடாது.

நொய்யல்கரை, ஒரு கேள்வி. அக்காவுக்கு மில்லில் இருந்த காலத்தில் வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுக்கமாகி, வாரம் போகப் போகக் குறைந்ததா? இல்லை, எந்த நாளானாலும் படி ஏறினால் மூச்சு வாங்கியதா?

நொய்யல்கரை (திருப்பூர்)

அக்காவிடமே கேட்டேன். நாள் கணக்கெல்லாம் இல்லையாம். விடுதியில் இரண்டாவது மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கும்போது மற்றவர்களைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குமாம். மில்லை விட்ட பிறகும் அது குறையவில்லை என்கிறார். டி.இ.இ. இன்னும் எடுக்கவில்லை.

பொது மருத்துவம் (கோபி)

பஞ்சு தூசி நோய்க்கு அடையாளமே அந்த முதல் நாள் இறுக்கம்தான். கார்டிங், ப்ளோ ரூம் பகுதிகளில் நிற்பவர்களுக்கு அதிகம். நம் பக்கத்தில் பத்து வீட்டுக்கு ஒருவர் மில்லுக்குப் போனவர், ஆகவே மூச்சு வாங்குகிறது என்று யார் வந்தாலும் பஞ்சின் மேல் பழியைப் போட்டுவிடுவது சுலபம். விடுமுறையில் குறையாத, வேலையை விட்டும் தொடர்கிற மூச்சுத்திணறலுக்கு ஒரு இ.சி.ஜி.யும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது.

மூலிகைத் தோட்டம் (தாராபுரம்)

கத்தியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். மருதம்பட்டையை இடித்துக் கஷாயம் வைத்து ஒரு மண்டலம் வெறும் வயிற்றில் குடித்தால் ஓட்டை தானாக அடைபடும். எங்களிடம் பொடியாகவே கிடைக்கிறது.

நெறியாளர்

மேலே உள்ள பதிவில் இருந்த தொலைபேசி எண்ணை நீக்கிவிட்டேன். விளம்பரம் வேண்டாம்.

எக்கோ அறை (கோவை)

பச்சைக் குழந்தைக்கு இருக்கும் சிறிய ஓட்டைகள் பல தாமாக மூடிக்கொள்கின்றன. பட்டையைக் குடித்தாலும் மூடும், குடிக்காவிட்டாலும் மூடும். 41 வயதில் 24 மில்லிமீட்டர் ஓட்டை எந்தக் கஷாயத்துக்கும் மூடாது. மண்டலம் முடிந்தபின் அவரை எந்த எக்கோ அறைக்கு வேண்டுமானாலும் அழைத்துப் போய்க் காட்டுங்கள். அந்த எக்கோவுக்கு ஆகும் கட்டணத்தை நீங்கள் கொடுப்பீர்களா?

சென்னிமலைக்காரி (ஈரோடு மாவட்டம்)

அக்காவுக்குத் தைரியம் சொல்லுங்கள், நானும் இதே ஜாதிதான். எனக்கு முப்பதுகளில் தெரிந்தது, இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு நாற்பது, ஐம்பது சதவீதம் கூடுமாம். அதுவரை மறைந்திருந்தது அப்போது வெளியே வந்தது. அதற்கு முன்னால் பள்ளியில் படிக்கும்போதே ‘வால்வு கோளாறு, மூட்டுக்காய்ச்சலால் வந்தது’ என்று சொல்லி மாதம் தவறாமல் பென்சிலின் ஊசி போட்டிருந்தார்கள். அந்த ஊசி எப்படி வலிக்கும் என்று போட்டவர்களுக்குத்தான் தெரியும். உண்மையில் எனக்கு மூட்டுக்காய்ச்சலே இருந்ததில்லை.

பிள்ளை பிறந்து பால் மறந்தபின் டிவைஸ் வைத்தார்கள். வலது தொடை இடுக்கில் ஒரு சிறு துளை, அதன் வழியாகச் சிரைக்குள் குழாய். முதலில் ஒரு பலூனை ஓட்டைக்குள் ஊதி அளவெடுத்தார்கள். டிவைஸ் என்பது நிக்கலும் டைட்டானியமும் கலந்த மெல்லிய கம்பியில் பின்னிய இரண்டு வட்டத் தட்டு, நடுவில் ஒரு கழுத்து. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டும் இந்தப் பக்கம் ஒரு தட்டும் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்கிறது. விடுவிப்பதற்கு முன்பு மருத்துவர் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பார், பிடித்திருக்கிறதா என்று. எனக்கு முழு மயக்கம் கொடுத்திருந்ததால் இதெல்லாம் பின்னால் அவர்கள் வீடியோவில் காட்டித் தெரிந்துகொண்டதுதான். எழுந்தபின் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருந்ததுதான் உண்மையான கஷ்டம்.

ஒன்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்: அக்காவுக்குக் கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்குமா? அரித்தால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். எனக்கு அதைக் கேட்டது அங்கிருந்த நர்ஸ் ஒருவர்தான்.

பிறகு ஆறு மாதம் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும். முதல் சில வாரம் படபடப்பு இருந்தது, ஒற்றைத் தலைவலியும் வந்தது, இரண்டும் போய்விட்டன. இப்போது மலைக்கு 1320 படியையும் ஏறுகிறேன். நடுவில் உட்காருவேன், அது முழங்காலுக்காக.

ஜவுளி ஏற்றுமதி (கரூர்)

ஓட்டை மட்டும்தான் பிறவிக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு 29 வயதில் ரத்த அழுத்தம் 180. மூன்று மாத்திரை போட்டும் இறங்கவில்லை. டென்ஷன், உப்பு, தூக்கமின்மை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியாகப் பார்த்த வயதான மருத்துவர் ஒருவர் ஒரு கையால் என் மணிக்கட்டையும் மறு கையால் தொடை இடுக்கையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தார். தொடையில் துடிப்பு மெல்லியதாக, சற்றுத் தாமதமாக வந்தது. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி நெஞ்சுக்குள் ஓரிடத்தில் இறுகிப் போயிருந்தது, பிறவியிலிருந்தே. சி.டி. எடுத்து உறுதிசெய்து ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை.

சிறு வயதில் ரத்த அழுத்தம் என்று யாராவது சொன்னால், கையிலும் காலிலும் அழுத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒரு நிமிட வேலை.

எக்கோ அறை (கோவை)

கரூர் அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த இறுக்கம் உள்ளவர்களில் பலருக்கு மகாதமனி வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் இருக்கும். தனியாகவும் இது வரும். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பேருக்கு இருக்கிறது, ஆண்களுக்கு அதிகம். ஐம்பது வயதில் வால்வு சுருங்கி மயக்கம் போட்டு விழுந்தபின் தெரியவருவது உண்டு. ஒருவருக்கு இருந்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறப்பு, பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை எக்கோ எடுத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு கசப்பும் உண்டு. 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் குழு போய், 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து, இதயக் கோளாறு இருந்தால் இலவச அறுவைக்கு அனுப்புகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அதற்கு முன்பே பள்ளியைத் தாண்டியவர்கள் மில்லிலும் தறியிலும் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி எந்தக் குழுவும் போவதில்லை. வேறு எதற்கோ ஃபிட்னஸ் கேட்டு வந்தால்தான் சிக்குகிறார்கள்.

மஞ்சள் மண்டி (ஈரோடு)

மாமா வீட்டுப் பெரியம்மா பேச்சைப் பற்றி யாரும் எழுதவில்லை. 41 வயதில் எக்கோவில் தெரிந்ததை 20 வயதில் எப்படி மறைத்திருக்க முடியும்? மாமாவிடம் ரிப்போர்ட்டை நேரில் கொடுத்து, மருத்துவரிடம் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வாயால் பெரியம்மாவிடம் சொல்லட்டும். உங்கள் வீட்டார் போய் விளக்கம் சொன்னால் அது பஞ்சாயத்தாகத்தான் முடியும்.

இன்னொன்று, சொந்தத்தில் கட்டினால் இது வருமா? எங்கள் வீட்டில் மாமன் மகளைக் கட்டியவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். ஒரே கூட்டத்தில் (குலத்தில்) பெண் எடுக்க மாட்டோம், ஆனால் முறைப்பெண் என்றால் கேள்வியே கிடையாது.

பொது மருத்துவம் (கோபி)

கூட்டம் அப்பா வழியைத்தான் பார்க்கிறது. மாமன் மகளுக்கும் உங்களுக்கும் ஒரே தாத்தா, ஒரே பாட்டி, கூட்டம் வேறாக இருந்தாலும் ரத்தம் பொதுதான். நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவி இதயக் கோளாறு கூடுதலாக வருவதைத் தென்னிந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக ஒவ்வொரு ஓட்டைக்கும் சொந்தம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைக் காரணம் கிடைப்பதில்லை.

பொதுவாகப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இதயக் கோளாறு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அது மூன்று முதல் ஐந்து வரை போகலாம். நொய்யல்கரை, அக்காவின் பிள்ளைகள் இருவருக்கும் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள். கல்யாணப் பேச்சு வரும் காலத்தில் இதைச் சொல்லத் தயங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். ஜாதகக் கட்டத்தைப் பத்து இடத்தில் காட்டுகிற நாம் எக்கோ ரிப்போர்ட்டை மட்டும் பீரோவுக்குள் பூட்டுகிறோம். கருத்தரிக்கும் பெண்ணின் நுரையீரல் அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து, அதை மறைத்துக் கட்டிக்கொடுப்பது குற்றம் என்றே சொல்வேன்.

தறிக்காரர் (சோமனூர்)

சரி, மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், பெரியப்பாவின் ஓட்டை 7 மில்லிமீட்டர் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லுங்கள், சிலருக்கு ‘இனி மூட முடியாது, காலம் கடந்துவிட்டது’ என்கிறார்களே? எங்கள் ஊரில் ஒரு பெண்ணை அப்படித் திருப்பி அனுப்பினார்கள். பணம் இல்லை என்பதால்தான் என்று நினைத்தோம்.

பொது மருத்துவம் (கோபி)

பணத்தால் இருக்காது. வருடக்கணக்காகக் கூடுதல் ரத்தம் பாய்ந்து நுரையீரல் நாளங்கள் தடித்து இறுகினால், ஒரு கட்டத்தில் வலது பக்க அழுத்தம் இடது பக்கத்தை மிஞ்சிவிடும். அப்போது கெட்ட ரத்தம் ஓட்டை வழியாக நல்ல ரத்தத்தோடு கலந்து உதடும் நகமும் நீலம் பாயும். 1897இல் வியன்னாவில் ஐசன்மெங்கர் என்ற மருத்துவர் 32 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினார், அந்த மருத்துவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. அந்த நிலையில் ஓட்டைதான் வலது பக்கத்துக்கு வடிகால். அதை மூடினால் வலது இதயம் தாங்காமல் நோயாளி இறந்துவிடுவார். அவர்களுக்கு இப்போது போசென்டான், சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. கருத்தரிக்கவே கூடாது.

அதனால்தான் எக்கோவில் அழுத்தம் ஏறியிருந்தால் குழாய் விட்டு நேரடியாக அளப்பார்கள். நுரையீரல் எதிர்ப்பு, அதாவது நுரையீரல் நாளங்கள் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவு, 3 வுட் யூனிட்டுக்குக் (அதை அளக்கும் அலகு) கீழே இருந்தால் தயங்காமல் மூடலாம். 3 முதல் 5 வரை யோசித்துச் செய்ய வேண்டும். 5ஐத் தாண்டினால் முதலில் மருந்து கொடுத்து இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எக்கோவில் வரும் 48 என்பது மதிப்பீடு.

மயக்கவியல் (சேலம்)

எல்லோரும் ஓட்டையையே பார்க்கிறீர்கள். அந்தப் பெண்மணிக்கு உதிரப்போக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. டிவைஸை முதலில் வைத்தால் ஆறு மாதம் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை. ஏற்கெனவே கொட்டுகிற உதிரம் இன்னும் கொட்டும். கர்ப்பப்பை அறுவைக்காக மாத்திரையை நிறுத்தினால் டிவைஸின் மேல் ரத்தக்கட்டி உருவாகலாம். எது முன், எது பின் என்பதுதான் இங்கே சிக்கல்.

நுரையீரல் எதிர்ப்பு குறைவாக இருந்தால், ஓட்டையை வைத்துக்கொண்டே கர்ப்பப்பை அறுவைக்கு மயக்கம் கொடுக்க முடியும். நாங்கள் கொடுத்திருக்கிறோம். ஒரே நிபந்தனை, எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சிரையில் ஏறும் டிரிப்பில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. இருமும்போதோ முக்கும்போதோ ரத்தம் ஒரு கணம் எதிர்த்திசையில் திரும்பினால் அந்தக் குமிழி ஓட்டை வழியாக மூளைக்குப் போகலாம். குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை விரட்டி, வடிகட்டி பொருத்திய பிறகே ஏற்றுவோம். காலில் ரத்தம் கட்டாமல் பார்ப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

அறுவை உடனே முடியாது என்றால் உதிரத்தை அடக்க ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் இருக்கிறது, கட்டி இடம் கொடுத்தால். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது. ஹீமோகுளோபின் எவ்வளவு?

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லோருக்கும் நன்றி. டி.இ.இ.யும் குழாய்ப் பரிசோதனையும் முடிந்தன. செகண்டம் வகைதான், சிரைகள் சரியான இடத்தில் சேர்கின்றன. மகாதமனிப் பக்கம் விளிம்பு மெல்லியதாக இருக்கிறது, மற்ற பக்கங்களில் போதுமான அளவு இருப்பதால் டிவைஸ் வைக்கலாம் என்றார்கள். நுரையீரல் எதிர்ப்பு 2க்குச் சற்று மேல். நுரையீரலுக்குப் போகும் ரத்தம் உடலுக்குப் போவதைப்போல இரண்டரை மடங்கு.

ஹீமோகுளோபின் 7.8. சேலத்து மருத்துவர் எழுதியதை அப்படியே இதய மருத்துவரிடம் கேட்டேன். அவரே மகப்பேறு மருத்துவரோடு போனில் பேசினார். முதலில் சிரை வழியாக இரும்புச்சத்து ஏற்றுகிறார்கள், பிறகு கர்ப்பப்பை அறுவை, புண் ஆறியபின் டிவைஸ். இரண்டும் ஒரே மருத்துவமனையில். மாமா எல்லாவற்றுக்கும் உடன் வந்தார். பிள்ளைகள் இருவருக்கும் எக்கோ சரியாக இருக்கிறது.

பணத்துக்கு என்ன வழி? அக்காவுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். மாமா பெயரில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது.

சென்னிமலைக்காரி (ஈரோடு மாவட்டம்)

நான் முதலமைச்சர் காப்பீட்டில்தான் செய்தேன். இப்போது குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை, வருட வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மருத்துவமனையிலேயே காப்பீட்டு மேசை இருக்கும். அனுமதி வந்த பிறகுதான் தேதி போடுவார்கள், அதற்கு முன்பு உங்கள் கையிலிருந்து கட்டிவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அட்டையில் அக்காவின் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எனக்கு ஓர் எழுத்து மாறியிருந்ததற்கு ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியிருந்தது.

ஈ.எஸ்.ஐ. என்றால் அவர்களுடைய மருத்துவமனையில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, அவர்களோடு ஒப்பந்தம் உள்ள இடத்துக்குத்தான் போக முடியும். இரண்டையும் விசாரித்து எது சீக்கிரம் நடக்கிறதோ அதைப் பிடியுங்கள்.

எக்கோ அறை (கோவை)

மகாதமனிப் பக்க விளிம்பு மெலிந்திருப்பது பரவலாகக் காணப்படுவது, பயப்பட வேண்டாம். ஆனால் பெரிய டிவைஸை அங்கே அழுத்தி வைத்தால் பின்னால் அது உரசி உரசி இதயச் சுவர் அரிக்கப்படும் ஆபத்து அரிதாக உண்டு. வைத்தபின் புதிதாக நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே எக்கோவுக்கு வரச் சொல்லுங்கள். மற்றபடி மறுநாள், ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று எக்கோ இருக்கும். அதன்பிறகும் சில வருடத்துக்கு ஒருமுறை.

ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்க நேர்ந்தால் முன்னால் ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ள வேண்டும். கசிவு இல்லையென்றால் அதன்பிறகு தேவையில்லை.

தேயிலைக்காடு (வால்பாறை)

இழைக்குச் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் என் தம்பிக்கு ‘பி.எஃப்.ஓ.’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வயது 34, எந்தத் தொந்தரவும் இல்லை. இதுவும் ஓட்டைதானாம். வீட்டில் அழுகை.

பொது மருத்துவம் (கோபி)

அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள். கருவில் இருக்கும்போது எல்லோருக்கும் அங்கே ஒரு வாசல் திறந்திருக்கும், பிறந்தபின் அது ஒட்டிக்கொள்ளும். நான்கு பேரில் ஒருவருக்கு முழுதாக ஒட்டுவதில்லை. அதுதான் பி.எஃப்.ஓ. காரணம் தெரியாத பக்கவாதம் வந்தவர்களுக்கு மட்டும் அதை மூடுவது பற்றி யோசிப்போம். உங்கள் தம்பிக்கு மருந்தும் வேண்டாம், டிவைஸும் வேண்டாம். அடுத்த வருடம் அந்தத் தொகுப்புப் பரிசோதனையும் வேண்டாம்.